ஒரு வரிக்குள் காரணம்

சட்டம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழாம் ஆண்டினது.
கப்பலில் வரும் கொள்ளைநோய்க்கு எழுதியது.
சுற்றறிக்கையின் தமிழ் எங்களுக்கு மூன்று நாள் பிந்தி வந்தது.
அதிலும் தனிமைப்படுத்தல் ஓரிடத்தில்
தனிமைப்படுத்தள் என்று கிடந்தது.
ளகரத்தைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.
பாஸ் எழுத மட்டும் இருந்தது.

பிரதேச செயலகத்தின் சைக்கிள் கொட்டகையில்
ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு போத்தல் சனிடைசர்.
நைலோன் கயிறு கட்டி
அதற்கு அங்காலை நிற்கச் சொன்னோம்.
படிவத்தில் ஏழு கூடுகள்.
ஆறாவது கூடு: காரணம், ஒரு வரிக்குள்.

குருநகர் எமிலியாம்பிள்ளை அதில்
கடல் என்று எழுதியிருந்தார்.
"அண்ணை, இது காணாது. வடிவா எழுதுங்கோ."
"வேறை என்னத்தை எழுத? வலை அங்கை கிடக்கு."
வெட்டிவிட்டு நானே எழுதினேன்: மீன் விநியோகம்.
அன்றைக்குத்தான் கடல் அத்தியாவசியமாயிற்று.

சற்குணதேவிக்கு இன்சுலின். அது லேசு.
கோண்டாவில் தவக்குமாருக்கு ஆட்டுக்குக் குழை வெட்டவேணும்.
சுற்றறிக்கையில் ஆடு இல்லை, பசு இருந்தது.
ஆட்டைப் பசுவாக்கினேன்.
தன் கலியாணத்துக்கே பாஸ் கேட்டு வந்த பொடியன்
"மாப்பிள்ளை அத்தியாவசியமோ அக்கா?" என்று
முகக்கவசத்துக்குள் சிரித்தான்.
கண்ணில் தெரிந்தது.

பாஸ் என்ற சொல்லுக்கு இங்கே வயது அதிகம்.
இயக்கத்தின் காலத்தில் ஆளைப் பிணை வைத்து
வெளியே போக ஒன்று.
ஆமியின் காலத்தில் கப்பலேற ஒன்று.
அப்பாவின் தகரப்பெட்டியில்
இரண்டும் ஒரே உறைக்குள் கிடக்கின்றன.
இரண்டிலும் காரணம்: வைத்தியம்.
இரண்டு தரமும் பொய்.

இதையும் சொல்லவேண்டும்,
மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பது
எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.
முத்திரை விழும் அந்தச் சின்னச் சத்தம்,
அது விழுமுன் வரிசை மூச்சைப் பிடிக்கிற விதம்.
மாலையில் சோதனைச் சாவடியில்
என் பாஸை நீட்டும்போதுதான்
நானும் மூச்சைப் பிடிப்பது தெரியும்.

சித்திரையில் இன்னொரு வர்த்தமானி.
நோயில் இறந்தவரை எரிக்கவேண்டும்.
பாகை, நிமிடம், எல்லாம் இருந்தது.
இது எனக்கல்ல என்று கோப்பில் குத்தி வைத்தேன்.

வைகாசியில் சோனகதெரு ஜலால்தீன் வந்தார்.
கொழும்பு ஆஸ்பத்திரியில் தம்பி மவுத்.
ஆறாவது கூடு வெறுமையாய் இருந்தது.
"போறதுக்கில்லை மகள்,
எரிக்காமல் விடுறதுக்கு ஒரு பாஸ் இருக்கோ?"

கோப்பை முன்னும் பின்னும் புரட்டினேன்.
இல்லை என்று தெரிந்தே புரட்டினேன்.
அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு,
எனக்கென்று சொல்லாமல் சொன்னார்:
"ஊரிலை எல்லாருக்கும் வெளிக்கிட பாஸ் வேணுமெண்ட காலம்.
தொண்ணூறிலை எங்களிட்டை மட்டும் ஆரும் பாஸ் கேக்கேல்லை.
ரெண்டு மணித்தியாலம் தந்தவை."

வரிசையில் யாரோ இருமினார்கள்.
எல்லாரும் திரும்பி அந்த இருமலைப் பார்த்தார்கள்,
அவருடைய தம்பியை அல்ல.

கொழும்புக்குப் போக ஒரு தாள் எழுதினேன்.
காரணத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
மீனைப்போல, பசுவைப்போல
இதற்கு ஒரு சொல் கைக்கு வரவில்லை.
வெறுங்கூட்டோடு முத்திரையைக் குத்தினேன்.
விரலில் சனிடைசர் ஈரம்.
மை பரவி
சிங்கத்தின் வால் எது, வாள் எது என்று
தெரியாமல் போயிற்று.

மடிக்காமல், காயட்டும் என்று
இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போனார்.
சாவடியில் இதைக் கொள்வார்களோ தெரியாது.

அடுத்தவர் கயிற்றடிக்கு வந்தார்.
அடையாள அட்டையில் கடைசி இலக்கம் ஏழு.
இன்றைக்கு ஏழுக்கு நாளில்லை என்றேன்.