தடிப்பு

கச்சேரி அப்போது ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது.
சுவரின் தடிப்புக்குள் என் மேசையை
நீளவாக்கில் போட்டுவிடலாம்.
பீரங்கிக்குப் பயந்து கட்டியவர்கள்.
அதற்குள் இருந்து நான் கீறிய கோட்டின் தடிப்பு
தசம் மூன்று மில்லிமீற்றர்.

பத்தாயிரத்துக்கு ஒன்று அளவுத்திட்டம்.
அப்படியென்றால் பேனை நுனி
தரையில் மூன்று மீற்றர்.
அந்த மூன்று மீற்றருக்குள்
சாமித்தம்பியின் குசினி இருக்கிறது,
கோழிக்கூடு, துணிக்கொடி,
பாதிக் கிணறு.
வரைபடத்தில் எல்லாம் மை.

வர்த்தமானியில் பழைய எல்லை இப்படிப் போகும்:
வடக்கே வாவிக்கரைக் கண்ணாமரம்,
அங்கிருந்து நேராகப் புளியடிச் சந்தி.
கண்ணா ஒரு மாரி வெள்ளத்தோடு போனது.
புளியை, றோட்டு அகலிக்கையில் தறித்தார்கள்.
இல்லாத மரத்திலிருந்து இல்லாத மரத்துக்குக்
கோடு இழுப்பது இலகு,
நிழல்கூடக் குறுக்கே வராது என்றான்
நிலஅளவை வினோதரன்.
நாங்கள் சிரித்தோம். தேத்தண்ணி வந்தது.

மூன்று மணிபோல் தொலைபேசி.
எடுத்தவர் எழுந்து நின்றே பேசினார்.
வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து
"ரெண்டு மில்லிமீற்றர் வடக்கால எடுங்க புள்ள."
ஏனென்று கேட்கவில்லை.
அழிறப்பரின் தூளை ஊதிவிட்டேன்.

இரண்டு மில்லிமீற்றர், இருபது மீற்றர்.
ஓடாவிமுனையில் அது
தோணிக்கார ஒழுங்கையின் நடுமுதுகு.

இருநூற்றுப் பதினான்கு வாக்கு அந்த ஒழுங்கைக்கு.
ஒன்றாய் நின்றால்
ஒருவரைச் சபைக்கு அனுப்பக் காணும்.
அப்படித்தான் போனாள் புவிராணி,
இறால் கொம்பனியில் ஐஸ் அள்ளிய கையோடு.
இறங்குதுறைக்கு நாலு படிக்கட்டு
கத்திக் கத்தியே கட்டுவித்தாள்.

கோட்டுக்குப் பிறகு
இங்கால நூற்றெட்டு, அங்கால நூற்றாறு.
இரண்டு பக்கத்துக்கும் வயல்காரத் தெருக்களைச் சேர்த்தாயிற்று.
யாரையும் வெருட்டவில்லை.
ஒரு வாக்கும் களவு போகவில்லை.
பெட்டி முத்திரையோடு வந்தது,
முத்திரையோடு போனது.
ஒழுங்கையின் மற்றப் பாதிக்கு
அவளுக்குப் போட வழியில்லை, அவ்வளவுதான்.
பதினொரு வாக்கால் தோற்றாள்.
மிச்சத்தை விகிதாசாரப் பட்டியல் பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.
பட்டியலை வேறு ஊரில் எழுதுகிறார்கள்.

வளைவில் ஒரு லைற் போஸ்ற்.
கால் ஏழாம் வட்டாரத்தில்,
வெளிச்சம் எட்டாம் வட்டாரத்தில்.
பல்ப் போய் ஒன்பது மாதம்.
வெளிச்சம் விழுறது அங்கால என்கிறார் ஏழாம் மெம்பர்.
போஸ்ற் எங்கட இல்லையே என்கிறார் எட்டாம் மெம்பர்.
தவிசாளர் மின்சார சபையைக் காட்டுகிறார்,
மின்சார சபை தவிசாளரை.
குப்பை உழவுயந்திரம்
ஆதம்லெப்பையின் கடைவரைக்கும் வந்து,
கட்டுக்கயிறு முடிந்த மாடுபோல்
திரும்பிப் போகிறது.

போன மாதம் ஒரு செத்தவீட்டுக்குப் போய்
அந்த ஒழுங்கையால் திரும்பி வந்தேன்.
வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று.
காலடி தெரியாத கறுப்பு.
சாமித்தம்பியின் குசினிக்குள் மீன் பொரிகிற சத்தம்,
ஓலைக் கிடுகின் ஓட்டையில் அடுப்பு நெருப்பு.
உள்ளிருந்து ஒரு பெண்குரல்:
"ஆரது? லைற் போட வந்த ஆக்களா?"

இல்லை என்றேன்.
பொய்யும் இல்லை.

"அப்ப பாத்துப் போங்க, முன்னுக்குக் கான்."

கைபேசி வெளிச்சத்தில் கானைக் கடந்தேன்.
எந்த வட்டாரத்திலிருந்து எதற்குள் கால் வைத்தேன் என்பது
அந்த இருட்டில்
எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.