காற்று இருபத்திரண்டு

காற்று நொடிக்கு இருபத்திரண்டு மீட்டர்.
கோட்கா துறைமுகத்தில்
கிரேன்கள் கைகட்டி நிற்கின்றன.
எனக்கு வேலையில்லாத செவ்வாய்க்கிழமை.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.

"அப்பா, உங்க முறை" என்று
பிஹ்லா என் மணிக்கட்டில் பட்டையை மாட்டுகிறாள்.
வெள்ளை ரிமோட்,
தேய்ந்த சோப்புக்கட்டியின் கனம்கூட இல்லை.
இதை நீட்டினால்
திரையில் கையுறை போட்ட ஒரு கை நீள்கிறது.
அழுத்தினால் பிடிக்கும், விட்டால் விடும்.
கோபுரத்திலிருந்து கட்டைகளை உருவவேண்டும்,
உச்சியில் நிற்கும் பன்றிக்குட்டி விழக்கூடாது.
அவ்வளவுதான் விளையாட்டு.

பத்தொன்பது ஆண்டுகளாக
முப்பது டன் பெட்டியைக் கப்பலின் வயிற்றுக்குள்
முட்டை வைப்பதுபோல் வைக்கிறவன் நான்.
காலடியில் கண்ணாடித் தரை.
அதற்கும் கீழே, வெகு கீழே,
எறும்பளவு ஹெய்மோ கை காட்டுவான்.
கயிற்றில் தொங்குவது எதுவும்
சொன்னவுடன் நிற்காது.
நீ நின்ற பிறகும் அது போகும்.
அது திரும்பி வரும்போது
நீ அங்கே இருக்கவேண்டும்.
இதை என் தோள்பட்டை அறியும்.

அதனால்தான் பன்றி மூன்று முறை விழுந்தது.

"எதுக்கோ காத்திருக்கீங்க."
"ஆட்டம் அடங்கட்டும்னு."
"அது ஆடாதுப்பா. இங்கே கயிறே கிடையாது."

தோப்பியாசுக்கு நான்கு வயது, வாய் நிறைய ரொட்டி.
ரிமோட்டைப் பிடுங்கி
அடிக்கட்டையை வெடுக்கென்று இழுத்தான்.
கட்டை திரைக்கு வெளியே பறந்தது.
கோபுரம் ஒரு படி இறங்கி அப்படியே நின்றது.
மேலே இருப்பவர்களுக்குச்
சேதி போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்தது.
பன்றி கண் சிமிட்டியது.
நிலைமம் என்று பள்ளியில் ஏழு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
இவன் எழுதவில்லை.

பதினான்காம் கட்டத்தில் கண்ணாடிக் கட்டை.
வெடுக்கென்று இழுத்தால் உடையும்,
மெதுவாகத்தான் வைக்கவேண்டும்.
இது என் இடம், தள்ளுங்கள் என்றேன்.

திரையில் கை நடுங்கியது.
அரைக்கட்டை அகலத்துக்கு
இடமும் வலமுமாக, ஓயாமல்.

"பேட்டரி தீர்ந்துபோச்சு" என்றாள் பிஹ்லா.
நாற்காலி போட்டு ஏறி
சமையலறைக் கடிகாரத்திலிருந்து கழற்றி வந்தாள்.
ஐந்து பத்தில் நின்றுபோனது வீட்டின் நேரம்.

நடுங்கியது.

வாங்கித் தன் கையில் பிடித்துப் பார்த்தாள்.
கல்லில் செதுக்கியதுபோல் நின்றது அந்தக் கை.
திருப்பித் தந்தாள்.
நடுங்கியது.

கேபினில் என் நெம்புகோலுக்குப் பெரிய மனசு.
சின்னச் சின்ன அசைவுகளை
அது கணக்கில் எடுத்துக்கொள்வதேயில்லை.
எத்தனை மாதமாகவோ.
இந்தப் பொம்மை மட்டும்
எதையும் விடமாட்டேன் என்கிறது.

வாசலில் மார்கெட்டா,
காபிக் குடுவையைச் சாய்த்தபடி,
ஊற்றாமல்.

"அமைப்புல உணர்திறன்னு ஒண்ணு இருக்கு.
குறைச்சு வைக்கவா?"
"வேண்டாம்."
சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது,
தோப்பியாஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

பிஹ்லா என் கைக்கடியில் வந்து நின்றாள்.
"முழங்கையை இங்க வைங்க."
ஒன்பது வயதுத் தோள்,
எலும்பும் கம்பளிச்சட்டையும்.
அவள் மூச்சை அடக்கினாள், நான் அடக்கினேன்.
கண்ணாடி கண்ணாடியின்மேல் உட்கார்ந்தது.
பன்றி ஆடிக் குதித்தது,
கண்டபடி வண்ணத்தாள் மழை.

அப்போது ஹெய்மோ அழைத்தான்.
காற்று பதினான்குக்கு இறங்கிவிட்டதாம்,
பத்து மணிக்கு ஒரு கப்பல்.
"வருவேதானே?"
எனக்கும் கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம்,
பார்த்தேன்.
ஐந்து பத்து.
"சொல்றேன்" என்றேன்.
அவனிடம் இதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

மார்கெட்டா காபியை ஊற்றினாள்,
வழக்கமான அளவில் பாதி, என் கோப்பையில் மட்டும்.

இப்போது தோப்பியாசின் முறை.
கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.
பட்டையைக் கழற்ற
எனக்கு இரண்டு தடவை ஆகிறது.