விழக் கூலி

முருகன்குறிச்சியில் மருந்துக்கடை மாடி.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை விழ வேண்டும்.
நானூறு ரூபாய், மதியம் சாம்பார் சாதம்.

இடுப்புப் பட்டையில் ஒரு கருவி.
உள்ளே முடுக்கமானி, சுழல்மானி என்று
ஹெப்சிபா சொன்னாள். எனக்கு அது தீப்பெட்டிதான்.
முன்னால் விழு, மல்லாக்க விழு,
நாற்காலியிலிருந்து சரி,
மயங்கினவள் மாதிரி மடங்கு.
நடுநடுவே விழாமலும் இருக்க வேண்டும்:
குனிந்து செருப்பை எடு,
பொத்தென்று உட்கார்,
விழுந்து கும்பிடு. அது விழுந்ததில் சேராது.

"சும்மா நிக்கும்போது இது ஒண்ணு காட்டும், எக்கா.
விழும்போது பூஜ்யம்."
திரையில் பார்த்தேன்.
கோடு அடியோடு இறங்கி
இமைக்கிற நேரம் எடையே இல்லாமல் கிடந்து
மெத்தை வந்ததும் பனை மாதிரி எழுந்து நின்றது.
அந்த இமைக்கிற நேரத்துக்காகவே
இன்னும் நாலு தடவை கூலியில்லாமல் விழுந்தேன்.

புதன்கிழமை கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.
குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் பஸ் தூக்கிப் போட்டதை,
குழாயடியில் குடம் தூக்கினதை,
மாடிப்படி பதினெட்டையும்
தீப்பெட்டி குறித்துக்கொண்டே வந்திருக்கிறது.

மறுநாள் ஹெப்சிபா முகம் சரியில்லை.
ராத்திரி பதினொன்று பன்னிரண்டு.
"கட்டில்ல இருந்து விழுந்திட்டேன்" என்றேன்
அவள் கேட்கும் முன்பே.

அவள் விரல் நின்ற இடம்
விழுவதற்குக் கொஞ்சம் முன்னால்.
"தானா விழுதவுக இப்படித் திரும்ப மாட்டாக.
முதல்ல எதுவோ சுத்தி விட்டிருக்கு.
அப்புறந்தான் பூஜ்யம்."

அதற்குப் பிறகு இருபத்தாறு நிமிடம்
கோடு அசையவில்லை.
ஒன்று. ஒன்று. ஒன்று.
ஆறு வருஷமாய் எதிர்வீட்டார் காதில் விழாதது
இதன் காதில் விழுந்துவிட்டது.

அட்டவணையில் பதினாலு பெயர் இருந்தது.
வழுக்கி, தடுக்கி, மயங்கி, சரிந்து...
"எதுல சேக்கட்டும், எக்கா?"

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கிறீச்சிட்டது.
நேற்றெல்லாம் அது எனக்குக் கேட்கவில்லை.

"பதினைஞ்சுன்னு ஒண்ணு போடு."

போட்டாள்.
பெயர்க் கட்டத்துக்குள் ஒரு கோடு மின்னி மின்னிக் காத்திருந்தது.
அவள் எதுவும் தட்டவில்லை.
விசைப்பலகையை என் பக்கம் தள்ளி,
தள்ளினதற்காகக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் எனக்குத் தமிழ் வராது.
ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன்.
'த' சீக்கிரம் கிடைத்தது.
'ள்' எங்கே இருக்கிறதென்று
பிடிபட நேரமானது.
கீழே கடையில் யாரோ
வலிக்குத் தைலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.