பொருள் எண் ஆறு

வந்திருந்தோர் ஒன்பது பேர்.
வர இயலாமைக்கு வருந்தியவர் ஒருவர்.
குறிப்பெடுப்பவள் இந்தக் கணக்கில் சேர்த்தியில்லை.

லங்காஷயரில் அன்று மழை.
மூன்றாம் மாடி ஜன்னல் முழுதாக மூடாது.
அதைச் சரிசெய்யப் பணமில்லை என்பது
ஐந்தாம் பொருளில் பதிவாகியிருந்தது.

ஆறாவது:
திரு. ரோலண்ட் தக்வெல், நாற்பது லட்சம் பவுண்டு,
கஷ்டப்படும் மாணவர்களுக்கான நிதி,
அவர் பெயரில்.

டாக்டர் ஆஷ்கோம்ப் கண்ணாடியைக் கழற்றினார்.
"வீடு வீடாக வட்டிக்கு விட்டவர்தானே இவர்?"
"சட்டப்படிதான்" என்றார் நிதி இயக்குநர்.
கொஞ்சம் பொறுத்து, "அப்போதைய சட்டப்படி."
நான் "சட்டப்படி" என்று மட்டும் எழுதினேன்.
ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பொறியியல் புலத்தலைவர் பிஸ்கட்டை உடைத்தபடி
"நாய் விற்ற காசு குரைக்கவா போகிறது?" என்றார்.
சிரித்தார்கள்.

குரைக்காதுதான்.
தட்டும்.
வெள்ளிக்கிழமை ஆறரைக்கு, விரல் முட்டியால், மூன்று தடவை.
அம்மா டிவியை அணைப்பாள்.
நானும் டேரனும் சோபாவுக்குப் பின்னால்.
கம்பளத் தூசியில் அவனுக்குத் தும்மல் வரும்,
நான் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.
கதவின் தபால் துவாரம் திறந்து
மரியாதையான குரல் ஒன்று உள்ளே வரும்:
"டோரீன், இருக்கிறாய் என்று தெரியும் கண்ணு."

ஒரு சலவை இயந்திரத்துக்காக முந்நூறு பவுண்டு.
அம்மா கட்டி முடித்தது ஆயிரத்து நூற்றுப் பத்து.
இயந்திரம் அதற்கு முன்பே நின்றுவிட்டது.
நின்றதற்கும் சேர்த்து
வாராவாரம் மஞ்சள் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள்.

குறிப்பேட்டின் ஓரத்தில்
நாற்பது லட்சத்தை எண்ணூற்றுப் பத்தால் வகுத்தேன்.
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு அம்மாக்கள்.
மீதி இருநூற்று இருபது பவுண்டு.
அது யாருடையதோ.

விடுதிப் பொறுப்பாளர் ஃபெர்கல் கடைசியில்தான் பேசினான்.
"போன மாதம் அறுபத்தொரு பிள்ளைகள்
ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தார்கள்.
இரண்டு பேர் நூலகத்தில் தூங்குகிறார்கள்.
வேண்டாம் என்று சொல்லுங்கள்.
ஆனால் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்."
யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.
அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.
எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆதரவு ஆறு, எதிர்ப்பு இரண்டு, நடுநிலை ஒன்று.
ஐம்பது நிமிடம் நடந்ததை
"சுருக்கமான விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது"
என்று தட்டச்சு செய்தேன்.
ஓரத்துக் கணக்கை அழிப்பானால் அழித்தேன்.
காகிதம் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்துபோயிற்று.

நவம்பரில் கெசியா வந்தாள்.
செவிலியர் படிப்பு, முதல் வருடம், நனைந்த கோட்டு.
வாடகை பாக்கி; திங்கட்கிழமை பூட்டை மாற்றிவிடுவார்களாம்.
விண்ணப்பத்தில் வீட்டு முகவரி பார்த்தேன்.
எங்கள் பழைய குடியிருப்பு.
எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

நாலு நிமிடத்தில் முத்திரை குத்தினேன்.
வட்டி கிடையாது, திருப்பித் தர வேண்டியதில்லை என்றேன்.
அவள் இரண்டு முறை கேட்டாள், நிஜமாகவா என்று.
நிஜமாகத்தான்.
உங்கள் தெருவே முன்கூட்டிக் கட்டிவிட்டது
என்று சொல்லவில்லை.

நன்றிக் கடிதம் கட்டாயம். கையால் எழுத வேண்டும். விதி.
பேனா முனையைக் கடித்துக் கடித்து எழுதினாள்:
"மதிப்பிற்குரிய திரு. தக்வெல் அவர்களுக்கு,
உங்களுக்கு என்னைத் தெரியாது."

தெரியும், பெண்ணே.
கதவு எண் தெரியும். சம்பள நாள் தெரியும்.
உன் அம்மா எந்த நாற்காலிக்குப் பின்னால்
மூச்சைப் பிடித்திருந்தாள் என்பதும் தெரியும்.

உறையை ஒட்டினேன்.
வெள்ளிக்கிழமைத் தபாலில் சேர்த்தேன்.
அவர் வீட்டுக் கதவிலும்
ஒரு துவாரம் இருக்கத்தான் செய்யும்.