ஞாயிறு, அறுபது பாகை

ஓல்ட்டனில் எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
பதின்மூன்று வீட்டுக்கு ஒரே சலவை இயந்திரம்.
யாருக்கு எந்த நாள் என்று
கதவில் ஒரு தாள் தொங்கியது,
நூலில் கட்டிய பென்சிலோடு.
முப்பது வருடம் அந்தத் தாளை யாரும் திருடவில்லை.
பென்சிலை மட்டும் இரண்டு தடவை.

போன வருடம் தாளைக் கிழித்துவிட்டு
செயலி ஒன்று தந்தார்கள்.
உடுப்புத் தோய்க்கும் நாளைப் பதியக் கடவுச்சொல் வேண்டுமாம்:
பன்னிரண்டு எழுத்து, அதில் ஒன்று பெரிய எழுத்து.
எங்கள் மொழியில் பெரிய எழுத்துக் கிடையாது,
நெடில் இருக்கிறது, பரவாயில்லையா
என்று கேட்க அதற்குள் ஆளில்லை.
மறந்துபோனால் மீட்க ஓர் இரகசியக் கேள்வி:
உங்கள் தாயின் குடும்பப்பெயர் என்ன?
அம்மாவுக்கு இருந்தது ஒரு தலைப்பெழுத்து;
கல்யாணத்தோடு அதுவும் மாறியது.
‘இல்லை’ என்று எழுதினேன்.
விடை போதாது என்றது.
‘இல்லவே இல்லை’ என்றேன்.
ஏற்றுக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை வானொலியில் செய்தி:
நாற்பதாயிரம் வீடுகளின் சலவை நாட்கள் களவு போய்விட்டன.
நிபுணர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு
பதற்றம் வேண்டாம் என்றார்,
பதற்றத்தோடு.
கடவுச்சொற்களை ஒரு பெட்டகத்தில் பூட்டுங்கள்,
பெட்டகத்துக்கு ஒரு கடவுச்சொல் வையுங்கள் என்றார்.
பெட்டகக் கம்பனியிலேயே களவு போனதை
போன மாதம் இதே குரல்தான் சொன்னது.

மாலையில் மின்னஞ்சல்.
‘உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை.’
அன்புள்ள திருமதி கனகசபாபதிப்பி,
என்று தொடங்கியிருந்தது.
என் பெயர் அவர்களின் கட்டத்துக்குள் அடங்கவில்லை.
கள்ளனுக்கும் முக்கால் பெயர்தான் கிடைத்திருக்கும்,
பாவம்.
மூன்றாம் மாடி டா கூனா படியில் மறித்து,
தொலைந்த காலுறைகளின் கணக்கும்
அதில் வெளிவந்திருக்குமா என்று கேட்டார்.

பொதி பிரிக்கும் நிலையத்தில்
இரவுத் தேநீருக்கு அதுதான் பகிடி.
‘புதன்கிழமை நான் தோய்க்கிறதை
அறிஞ்சு என்ன செய்யப்போறான்?
காய்ஞ்ச பிறகு வந்து மடிச்சுத் தருவானோ?’
சொன்னது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள்.
நிதர்சன் மட்டும் கைத்தொலைபேசியை நிமிர்த்தினான்.
‘அக்கா, கோப்பு வெளியில கிடக்கு.
உங்கட தெருவைச் சொல்லுங்கோ.’

சொல்லியிருக்கக் கூடாது.
சொன்னேன்.

தெரு, இலக்கம், மாடி, நேரம், எடை, வெப்பம்.
என் புதன்கிழமைகள் நாற்பது பாகையில்
வரிசை குலையாமல் நின்றன.
என்னைப்பற்றி எனக்கே கொட்டாவி வந்தது.

பிறகு இரண்டாம் மாடி.
ஏஷ்லிமான் அம்மையார்.
ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று
நான்கு மொழியில் எழுதி ஒட்டியவர்.
வடிகட்டியில் சிக்கிய என் தலைமுடியைக்
கடித உறையில் போட்டு
எனக்கே திருப்பி அனுப்பியவர்.
ஞாயிறு, அதிகாலை நாலு நாற்பது, அறுபது பாகை.
அடுத்த ஞாயிறு, நாலு ஐம்பது, அறுபது பாகை.
செயலி தடுக்கவில்லை. குறித்துக்கொண்டது மட்டும்.
பங்குனியிலிருந்து வியாழனும்.
ஒன்றரைக் கிலோ.
ஒரே ஒரு விரிப்பின் எடை.

தை மாதத்துக்குப் பிறகு அவர் கணவரைப்
படியில் கண்டதில்லை என்பது
அந்தத் தேநீர் மேசையில்தான் உறைத்தது.
‘யாரக்கா உது, ஞாயிற்றுக் கள்ளர்?’ என்றான்.
‘தெரியாது. மூடு.’

செயலியை நிறுத்திவிட்டார்கள்.
கதவில் பழையபடி தாள், புதுப் பென்சில்,
அம்மையார் அடிமட்டம் வைத்துக் கீறிய கட்டங்கள்,
திங்கள் முதல் சனி வரை.
கடவுச்சொல்லை உடனே மாற்றும்படி
திருமதி கனகசபாபதிப்பிக்கு
இன்னும் மின்னஞ்சல் வருகிறது.

சனிக்கிழமை இரவுமுறை எனக்கு எப்போதாவதுதான் விழும்.
இந்தக் கிழமை விழுந்தது.
ஆரே ஆற்று மூட்டத்துக்குள்ளால் வீடு வந்தபோது
நிலவறையில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.
மின்தூக்கி மணியடிக்கும்.
சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
படியேறினேன்,
விளக்குப் போடாமல்.