கொதிகலன் குறிப்பேடு

ஆறு ஐம்பதுக்கு நிறுத்தினேன்.
அவர்கள் கேட்டுக்கொண்டபடி.
கொதிகலனின் முனகல்
முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சுருதிக்கும்
இன்றைய சுருதிக்கும் நடுவில்
எங்கோ நிற்கிறதாம்.
பத்தொன்பது குளிர்காலம்
இந்தத் தேவாலயத்தின் நிலவறையில்
அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.
அதற்குச் சுருதி உண்டென்று
யாரும் சொன்னதில்லை.

குல்டீகாவில் அன்று மைனஸ் பதினொன்று.
வென்டா ஆறு அருவியின் விளிம்பில்
பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.
நாற்பத்து மூன்று பேர்.
ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை,
மருந்துக்கடை ஸ்கைத்ரீதே குல்லாயைக்கூட.

இல்வாவின் குழல் மரம். ஒரே ஒரு சாவி.
அதைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தாள்,
காய்ச்சல் பார்க்கிறவள் மாதிரி.
குந்தார்ஸின் வயலினில் குடல் நரம்பு;
குளிரில் அது நிமிஷத்துக்கு ஒரு பேச்சு.
முறுக்கினான், கேட்டான், முறுக்கினான்,
மூன்று முறை மன்னிப்புக் கேட்டான்,
எங்களிடமா அந்த ஆட்டிடமா, தெரியவில்லை.

முதலில் பழையது.
யாரோ ஒரு பிரபு சாப்பிடும்போது கேட்க
யாரோ ஒருவர் எழுதியது.
குழல் ஒரு வாக்கியத்தைத் தொடங்க
அது முடியுமுன் வயலின் அதையே தொடங்க
இரண்டும் சண்டையில்லாமல்
ஒரே வாசலில் போய்ச் சேர்ந்தன.
கீழே தாங்க எதுவுமில்லை.
தூணில்லாமல் கூரை மட்டும்.
விழவில்லை.

பிறகு மரக்குழலைத் துணியில் சுற்றி வைத்தாள்.
வெள்ளிக்குழல் வந்தது.
அவனும் பெஞ்சில் படுத்திருந்த
இன்னொரு வயலினை எழுப்பினான்.
அரைச் சுரம் மேலே ஏறிக்கொண்டார்கள்.

போன வருஷம் எழுதியதாம்.
முதல் பக்கம் முழுக்க
அவள் ஊதினாள், இசை வரவில்லை,
மூச்சு மட்டும்.
சாவிகள் தட்தட்டென்றன.
இதற்கா பனியில் நடந்து வந்தோம் என்றது
பின்வரிசையில் ஒரு மப்ளர்.
எனக்கோ பழகிய சத்தம்:
குழாயில் காற்று அடைத்தால் இதேதான்.
அதை இல்லாமல் செய்யத்தான்
எனக்குச் சம்பளம்.

அப்புறம் உச்சியில் ஒரு சுரம், குழலில்.
அதை உரசாமல், பக்கத்தில்,
வயலினில் இன்னொன்று.
விலகவில்லை. நெருங்கவுமில்லை.
அப்போது கேட்டேன்.
காலுக்கடியில்,
தாழ்வாக, தடிமனாக, ஒரு முனகல்.

நிறுத்தினேனே!
பக்கக் கதவைத் திறந்து
இருபத்திரண்டு படியும் இருட்டில் இறங்கினேன்.
விளக்கு அணைந்திருந்தது. விசை கீழே இருந்தது.
வயிற்றில் கைவைத்துப் பார்த்தேன்.
செத்த மாட்டின் குளிர்ச்சி.
தலைக்கு மேலே
உருளைக்கிழங்கு கொட்டுவதுபோல்
கைதட்டல்.

முடிந்துவிட்டது.

ஆட்கள் போனபின்
குழலுக்குள் கைக்குட்டை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம்
தலையைச் சொறிந்தபடி சொன்னேன்:
கொதிகலன் ஓடவில்லை, சத்தியமாய்.
அவள் சிரிக்கவில்லை.
குந்தார்ஸ், என்று கூப்பிட்டாள்.
அவன் ஒரு கை கோட்டிலும்
ஒரு கை வெளியிலுமாக வந்து
வில்லை எடுத்தான்.
எனக்காக மட்டும் அந்த இரண்டு சுரங்கள்.
மறுபடி அது வந்தது,
தரையிலிருந்தல்ல,
என் மண்டைக்குள்ளிருந்து.

நாங்கள் வாசிப்பதில்லை, என்றாள்,
இரண்டும் துல்லியமாய் நின்றால்
மூன்றாவதைக் காது தானே செய்துகொள்ளும்.
ஒத்திகையில் ஒரு நாளும் வரவில்லை.
இன்று வந்ததா என்று
எங்களுக்கும் சந்தேகமாக இருந்தது.

வந்தது, என்றேன்.
ஓடிப்போய்ப் பார்த்தேனே.

குறிப்பேட்டில் எழுதியது:
18.50 நிறுத்தம்.
19.42 முனகல் கேட்டது, சோதித்தேன், ஓடவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து எடுத்ததில் ஒரு புள்ளி.
20.35 மீண்டும் இயக்கம்.

ஒன்பதரைக்குக் கூடம் நன்றாகச் சூடாகிவிட்டது.
ஒருவரும் இல்லை.