மூன்று அடுக்கு

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில்
என் ப்ளைவுட் கடை வாசலுக்கு
ஆட்டோவில் வந்திறங்கியது
ஒரு டிரம் செட், நான்கு உருளைகளாக.
கூடவே வயலட் மிஸ். கணக்கு டீச்சர், ரிட்டயர்டு.
"பலகை தெரிஞ்சவர் நீங்கதானே,
யாரு செஞ்சதுன்னு பாத்துச் சொல்லுங்க."

பெங்களூரில் ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார்.
ஜப்பான் சரக்கு என்பதுவரை அவருக்கே தெரியும்.
கம்பெனி தெரிந்தால் ஒரு விலை,
தெரியாவிட்டால் அதில் பாதி.

பெயர்த்தகடு இல்லை.
இரண்டு ஆணி ஓட்டை,
அவற்றைச் சுற்றி முட்டை வடிவில்
வெயில் படாத சிவப்பு.
மற்ற இடமெல்லாம்
ஐம்பது கத்திரி தின்ற செங்கல் நிறம்.

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
சாமியில்லாத கோயில் என்று
இந்த ஊருக்கொரு பட்டியல் உண்டு.
சாமி எப்போதோ திரும்பி வந்துவிட்டார்.
காலியான அந்த வரியில்
எழுதிக்கொள்ளலாம்: பேரில்லாத டிரம்.

"லக்கைக் கழற்றிப் படம் அனுப்புங்க" என்றது போன்.
லக் என்றால் திருகைப் பிடிக்கும் குமிழ் என்று
மிஸ் தொட்டுக் காட்டினார்.
உள்ளே ஒரு ஸ்பிரிங், அது கடகடக்காமலிருக்க
ஒரு கிள்ளு கம்பளித் துணி.
"இந்த அச்சை வச்சு எதுவும் சொல்ல முடியாது.
ஒரே பட்டறை, கடைக்காரன் கேட்ட பேரெல்லாம்
அடிச்சுக் குடுத்திருக்கான்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
என் பின்கட்டில் ஒரே லாரியில் வந்த பலகை
மூன்று பிராண்டாக நிற்கிறது.

பெரிய டிரம்மின் ஒரு பக்கம் மட்டும் கன்றுத்தோல்.
"அது ராணிப்பேட்டை" என்றார் மிஸ்.
"கிளப் டான்ஸ், எழுபத்தி நாலு. தோல் கிழிஞ்சிருச்சு.
டேனரி சூப்பர்வைசர் ராத்திரியோட ராத்திரியா
ஒண்ணு கொண்டாந்து குடுத்தார்.
புடவையத் தூக்கிச் சொருகிட்டு வாசிச்சேன்."
அப்புறம் அதைப்பற்றிப் பேசவில்லை.

விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன்.
அங்கே தொடங்கியது எனக்குப் புரிகிற பாஷை.
மெல்லிசு, தடிசு, மெல்லிசு.
நகம் வைத்தால் செந்தூள்.
லுவான். பிலிப்பைன்ஸ் காட்டு மரம்,
மஹாகனி என்பார்கள், மஹாகனி இல்லை.
உள்பக்கம், வாய் கோணாமலிருக்க,
வெளிர் மரத்தில் ஒரு வளையம்.
சுவரில் ஊதா முத்திரை: 44.
"அவங்க ராஜா கணக்கு அது" என்றது போன்,
"நமக்கு அறுபத்தொன்பது."

டார்ச் அடித்தபோதுதான் பார்த்தேன்.
வளையத்தின் இரு முனையும் சேருமிடத்தில்
ஒரு நெல்மணி அகலம் பற்றவில்லை.
மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்திருக்கிறான்.
அங்கே மட்டும் வார்னிஷ் ஒரு கோட் அதிகம்.

அட, எனக்கு இவனைத் தெரியும்!
சனிக்கிழமை சாயங்காலம்.
வாசலில் லாரி ஹாரன் அடிக்கிறது.
வளையம் ஒரு நூல் குறைகிறது.
மேஸ்திரி டீ குடிக்கப் போயிருக்கிறார்.
போன மாதம் காந்தி நகர் வீட்டு அலமாரியில்
நானும் இதையே செய்தேன்,
கதவு மூடினால் தெரியாத பக்கத்தில்.

மூன்று அடுக்கு, லுவான், உள்வளையம், அறுபத்தொன்பது.
கம்பெனி: தெரியவில்லை.
இப்படி எழுதி அனுப்பினேன்.
அந்த மூட்டைப் படம் எடுக்கவில்லை.

"பாதியா" என்ற மிஸ்
தோலில்லாத உருளையை விரல் மடக்கித் தட்டினார்.
வெறும் பலகை ஏதோ சொன்னது.
இன்னொரு தரம் தட்டினார்.
"பூட்டுங்க. எதிரெதிரா முறுக்கணும்,
ஒரே பக்கமா முறுக்கினா கோணிக்கும்."

எல்லாம் பூட்டி முடித்தபின்
மேஜைமேல் ஒரு வாஷர் மிஞ்சியது.
மிஸ் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.
எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.